100 வாடிக்கையாளர்கள், 131 உரிமைகோரல்கள்: விளம்பரக் கணக்குகள் ஏன் ஒத்துப்போவதில்லை?

மென்பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றின் மாதக் கணக்கைக் கற்பனை செய்துகொள்வோம். புதிதாகப் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் 100 பேர். ஒவ்வொருவருக்கும் ரசீது இருப்பதால் இந்த எண்ணில் சந்தேகமில்லை. இதே மாதத்தில் 62 பேரைத் தான் கொண்டுவந்ததாக கூகுள் ஆட்ஸ் சொல்கிறது. மெட்டா 48 என்கிறது, லிங்க்ட்இன் 21 என்கிறது. கூட்டினால் 131. நண்பர் சொல்லிக் கேட்டு வந்தவர்களும், விளம்பரம் எதையும் தொடாமல் தேடிவந்தவர்களும்கூட அந்த 100 பேருக்குள்தான் இருக்கிறார்கள்.

இதில் எந்த எண் பொய் என்று நிதிப்பிரிவு கேட்கும். எதுவும் பொய்யில்லை. ஒவ்வொரு தளமும் தன்னுடைய விதிப்படி சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறது, விதிகள்தான் வேறுவேறு. தொழில்நுட்ப நிறுவனத்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் பார்ப்பவர்களின் நேரத்தில் கணிசமான பங்கு இந்த முரணை அவிழ்ப்பதில்தான் கழிகிறது. அதற்குக் கலந்து கிடக்கும் மூன்று கேள்விகளை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. எத்தனை பேர் வாங்கினார்கள்? இது எண்ணிக்கை. பில்லிங் மென்பொருளைப் பார்த்தால் விடை கிடைக்கும்.
2. அந்த விற்பனையை யார் பெயரில் வரவு வைப்பது? இது விதி. 'அட்ரிபியூஷன்' எனப்படுவது இதுதான். விதியை மாற்றினால் விடையும் மாறும்.
3. விளம்பரமே போடாமல் இருந்திருந்தால் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்? இது காரணம் பற்றிய கேள்வி. சோதனை நடத்தித்தான் விடை காண முடியும்.

விளம்பரத் தளத்தின் டாஷ்போர்டு இரண்டாம் கேள்விக்கு விடை தருகிறது. பட்ஜெட் போடுபவர்களோ அதை மூன்றாம் கேள்விக்கான விடையாக வாசிக்கிறார்கள். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

கன்வர்ஷன்: நிறுவனம் எதிர்பார்க்கும் செயலை வந்தவர் செய்து முடிப்பது. படிவம் நிரப்புவது, இலவசச் சோதனைக் கணக்கு தொடங்குவது, பணம் கட்டுவது என எதை வேண்டுமானாலும் கன்வர்ஷன் என்று அறிவித்துக்கொள்ளலாம். முதல் குழப்பமே இங்கிருந்துதான் தொடங்குகிறது. தளத்துக்கு வருபவர்களை அளக்கும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் 2024 மார்ச் முதல் இதற்கு 'கீ ஈவென்ட்' என்று பெயர். கூகுள் ஆட்ஸில் 'கன்வர்ஷன்' என்ற பெயரே நீடிக்கிறது.

வரவுக் காலம்: விளம்பரத்தைத் தொட்ட நாளிலிருந்து எத்தனை நாளுக்குள் வாங்கினால் அந்த விற்பனை விளம்பரத்தின் கணக்கில் சேரும் என்ற வரையறை.

கிளிக்-வழி, பார்வை-வழி: விளம்பரத்தைக் கிளிக் செய்துவிட்டுப் பின்னர் வாங்கினால் முதல் வகை. கிளிக் செய்யவில்லை, திரையில் வந்துபோனது, பிறகு வேறு வழியில் வந்து வாங்கினார் என்றால் இரண்டாம் வகை.

லீட்: தன் தொடர்பு விவரத்தைக் கொடுத்தவர். இவர்களில் மார்க்கெட்டிங் குழு தகுதியானவர் என்று கருதுபவர் எம்.கியூ.எல். விற்பனைக் குழு பேசிப் பார்த்து, வாங்கும் வாய்ப்பு உண்டென்று ஏற்றுக்கொண்டவர் எஸ்.கியூ.எல். இந்த இரண்டுக்கும் எழுத்தில் வரையறை இல்லாத நிறுவனங்கள் பல. அங்கே மார்க்கெட்டிங் குழு எண்ணும் 400 லீடும் விற்பனைக் குழு எண்ணும் 90 லீடும் மாதாமாதம் மோதிக்கொள்ளும்.

எண்கள் பிரியும் இடங்கள்

1. வரவுக் காலம் வேறுபடுகிறது. மெட்டாவில் இயல்பு அமைப்பு, கிளிக்குக்கு 7 நாள், பார்வைக்கு 1 நாள். முன்பு இருந்த 28 நாள் கிளிக் கணக்கை இயல்பு அமைப்பிலிருந்து 2021 தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள். கூகுள் ஆட்ஸில் கிளிக்குக்கு இயல்பாக 30 நாள். ஒருவர் 1-ஆம் தேதி இரண்டு விளம்பரங்களையும் கிளிக் செய்துவிட்டு 12-ஆம் தேதி வாங்கினால், கூகுள் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும், மெட்டா எழுதாது. அவரே 5-ஆம் தேதி வாங்கியிருந்தால் இரண்டுமே எழுதிக்கொண்டிருக்கும். ஒரே மனிதர் இரண்டு முறை எண்ணப்படுவது இப்படித்தான்.

2. பார்வை-வழி வரவைக் காட்டும் இடம் வேறுபடுகிறது. மெட்டாவின் முதன்மை எண்ணில் பார்வை-வழி வரவும் சேர்ந்தே வருகிறது. பிற தளங்களில் படமாக வரும் கூகுளின் டிஸ்ப்ளே விளம்பரங்களுக்கு அது தனிப் பத்தியில் நிற்கும்; 'கன்வர்ஷன்' எண்ணில் சேராது. ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு முன், மெட்டா அறிக்கையில் கிளிக் கணக்கை மட்டும் தனியே பிரித்தெடுக்க வேண்டும். அதற்கான வசதி அறிக்கை அமைப்பிலேயே இருக்கிறது.

3. எழுதப்படும் தேதி வேறுபடுகிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. கூகுள் ஆட்ஸ் விற்பனையைக் கிளிக் நடந்த நாளில் எழுதுகிறது. கூகுள் அனலிட்டிக்ஸ் விற்பனை நடந்த நாளில் எழுதுகிறது. ஒருவர் 28-ஆம் தேதி கிளிக் செய்து அடுத்த மாதம் 6-ஆம் தேதி வாங்கினால், ஒரே நிறுவனத்தின் இரண்டு கருவிகளும் அவரை வேறுவேறு மாதத்தில் வைக்கும். முடிந்துபோன மாதத்தின் கூகுள் ஆட்ஸ் எண் பிறகும் ஏறிக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான். 1-ஆம் தேதி காலையில் எடுத்த அறிக்கையை வைத்து, போன மாதம் படுத்துவிட்டது என்று முடிவுகட்டினால் தவறாகிவிடும்.

4. எண்ணும் முறை வேறுபடுகிறது. கூகுள் ஆட்ஸில் ஒரு கிளிக்குப் பின் நடக்கும் ஒவ்வொரு கன்வர்ஷனையும் எண்ணலாம். ஒன்றை மட்டுமும் எண்ணலாம். பொருள் விற்கும் கடைக்கு முதல் அமைப்பு சரி. லீட் சேர்க்கும் நிறுவனத்துக்கு இரண்டாவது வேண்டும். மாற்றி வைத்தால், பட்டனை மூன்று முறை அழுத்தியவர் மூன்று லீட் ஆகிவிடுவார்.

5. நேர மண்டலம். விளம்பரக் கணக்கு ஒரு மண்டலத்திலும் பில்லிங் மென்பொருள் வேறொன்றிலும் இருந்தால் நாள்வாரிக் கணக்கு ஒருநாளும் சேராது. மாதக் கணக்கில் பெரிய பாதிப்பு இருக்காது.

கண்ணுக்குத் தெரியாமல் போனவர்கள்

மேலே சொன்னவை விதி வேறுபாடுகள். இவற்றுக்கு அடியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது: தொட்டவரும் வாங்கியவரும் ஒரே ஆள்தான் என்பதை முன்போல அடையாளம் காண முடிவதில்லை.

உலாவியில் சேமிக்கப்படும் சிறு குறிப்புதான் குக்கி. 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மாண்டூலி இதை உருவாக்கினார். நீங்கள் பார்க்கும் தளமே வைப்பது முதல் தரப்புக் குக்கி. அந்தப் பக்கத்துக்குள் உட்கார்ந்திருக்கும் வேறொரு நிறுவனத்தின் நிரல் வைப்பது மூன்றாம் தரப்புக் குக்கி. தளம் விட்டுத் தளம் ஒருவரைப் பின்தொடர்ந்தது இரண்டாவது வகை.

ஆப்பிளின் சஃபாரி 2017 முதல் இதை இறுக்கத் தொடங்கி, 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கியை முழுதாக அடைத்தது. முதல் தரப்புக் குக்கியும் தப்பவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் குக்கிக்கு அங்கே ஆயுள் 7 நாள்தான். கண்காணிப்புத் தளம் என்று சஃபாரி கருதும் இடத்திலிருந்து, குறியீடு ஒட்டிய இணைப்பு வழியாக வந்தவருக்கு 24 மணி நேரம். அதாவது ஐபோனில் இன்று வந்துவிட்டு 9 நாள் கழித்துத் திரும்பி வருபவர் அனலிட்டிக்ஸுக்குப் புது ஆள். அவரை அழைத்துவந்த விளம்பரத்தின் தடயம் அழிந்திருக்கும்.

2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5, பிற செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர விரும்பும் செயலி அவரிடம் அனுமதி கேட்டே தீர வேண்டும் என்றது. இந்த மாற்றத்தால் 2022-இல் தன் வருமானத்தில் சுமார் 1,000 கோடி டாலர் பாதிப்பு இருக்கும் என்று மெட்டா தன் முதலீட்டாளர்களிடம் சொன்னது.

குரோம் கதை வேறு. மூன்றாம் தரப்புக் குக்கியை இரண்டு ஆண்டுகளில் நிறுத்தப்போவதாக 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. பிறகு 2023, 2024, 2025 என்று கெடு தள்ளிக்கொண்டே போனது. 2024 ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டு, பயனரிடமே விட்டுவிடலாம் என்றது. 2025 ஏப்ரலில் அதற்கான தனிக் கேள்வியும் வராது என்று அறிவித்தது. 'குக்கி ஒழிந்துவிட்டது' என்பதும் 'ஒன்றும் மாறவில்லை' என்பதும் ஒரே அளவு தவறு. குரோமில் இருக்கிறது, சஃபாரியில் இல்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் அதிகம் வரும் தளமும் விண்டோஸ் கணினியிலிருந்து அதிகம் பேர் வரும் தளமும் இதை வேறுவேறு அளவில் உணரும்.

விடுபட்டுப்போன இந்த இடங்களைத் தளங்கள் காலியாக விடுவதில்லை. தெரிந்தவர்களின் நடத்தையை வைத்துத் தெரியாதவர்களை மதிப்பிட்டு நிரப்புகின்றன. முதலில் சொன்ன 62-இல் ஒரு பகுதி நேரில் பார்த்து எண்ணியது. மீதி புள்ளியியல் மதிப்பீடு. அறிக்கையில் இரண்டும் ஒரே எண்ணாக நிற்கும்.

மின்னஞ்சலிலும் இதே கதைதான். 2021 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 15 முதல், தனியுரிமைக் காப்பை இயக்கியவர்களின் அஞ்சல்களிலுள்ள படங்களை ஆப்பிள் தானே முன்கூட்டி இறக்கிவைக்கிறது. ஆள் படிக்காமலே அஞ்சல் 'திறக்கப்பட்டது' என்று பதிவாகும். அந்த நாளுக்கு முந்தைய திறப்பு விகிதத்தையும் பிந்தையதையும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. நிறுவன அஞ்சல் பெட்டிகளில் பாதுகாப்பு மென்பொருள் வேறு, அஞ்சல் வந்த சில நொடிகளில் எல்லா இணைப்புகளையும் கிளிக் செய்து பார்க்கும். இதைப் பிடிக்க எளிய வழி உண்டு: மனிதக் கண்ணுக்குத் தெரியாதபடி அஞ்சலில் ஓர் இணைப்பை வையுங்கள். அதைக் கிளிக் செய்தது இயந்திரம்தான். அந்த முகவரியிலிருந்து அதே நிமிடத்தில் வந்த மற்ற கிளிக்குகளையும் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம்.

'டைரக்ட்' என்ற பெயரில் சேரும் குப்பை

அனலிட்டிக்ஸில் 'டைரக்ட்' என்றால் முகவரியைத் தட்டச்சு செய்து நேராக வந்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் பொருள் 'எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை' என்பதுதான். அந்தக் குவியல் பெரிதாக இருந்தால் விளம்பரத்தைக் குறைசொல்வதற்கு முன் உங்கள் தளத்தின் குழாய்களில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வருகையின் மூலத்தைச் சொல்வதற்கு இணைப்பில் ஒட்டப்படுபவை யூ.டி.எம். குறியீடுகள். 2005-இல் கூகுள் வாங்கிய அர்ச்சின் என்ற நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்த சொல் இது. மூலம் என்பது எந்த இடம், மீடியம் என்பது எந்த வகை, கேம்பெயின் என்பது எந்த முயற்சி. இந்த மூன்றும் கட்டாயம், மற்றவை தேவைக்கேற்ப. வழக்கமான ஒழுகல்கள் இவை:

1. திசைமாற்றத்தில் குறியீடு உதிர்வது. பழைய பக்கத்திலிருந்து புதிய பக்கத்துக்கு அனுப்பும் விதியை எழுதியவர், முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதைச் சேர்த்து அனுப்ப மறந்திருப்பார். ஒவ்வொரு விளம்பரக் கிளிக்குக்கும் அடையாளமாக கூகுள் ஒட்டும் ஜிகிளிட் எண்ணும் அதோடு போய்விடும். விளம்பர இணைப்பின் முடிவில் நீங்களே ஒரு சோதனைச் சொல்லை ஒட்டித் திறந்து, இறுதிப் பக்கத்தின் முகவரியில் அது மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை.

2. ஒப்புதல் பட்டையின் தாமதம். பயனர் குக்கிக்குச் சம்மதம் தருவதற்குள் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டால், அளவீட்டு நிரல் அங்கேதான் முதன்முறையாக விழிக்கும். முதல் பக்க முகவரியிலிருந்த குறியீடு அதற்குத் தெரியாது.

3. தளமும் தயாரிப்பும் வேறுவேறு முகவரியில் இருப்பது. தொழில்நுட்ப நிறுவனங்களில் இது அடிக்கடி நடக்கும். அறிமுகத் தளம் ஒரு டொமைனில், பதிவுசெய்யும் செயலி இன்னொன்றில். இரண்டையும் அனலிட்டிக்ஸ் அமைப்பில் இணைக்காவிட்டால், பதிவுசெய்த எல்லோரும் 'உங்கள் சொந்தத் தளத்திலிருந்து வந்தவர்கள்' ஆகிவிடுவார்கள். பணம் கட்டும் பக்கம் வெளியாரிடம் இருந்தால், விற்பனையெல்லாம் அந்தப் பேமென்ட் கேட்வேயின் பெயரில் வரவாகும். விலக்க வேண்டிய பரிந்துரைத் தளங்களின் பட்டியலில் அதைச் சேர்ப்பதே மருந்து.

4. தளத்துக்குள்ளேயே யூ.டி.எம். ஒட்டுவது. முகப்புப் பக்கத்துப் பேனரை எத்தனை பேர் கிளிக் செய்கிறார்கள் என்று பார்க்க ஒருவர் ஆசைப்பட்டு அதில் குறியீடு ஒட்டுவார். அதன் பிறகு விற்பனையின் வரவு உண்மையான மூலத்தை விட்டு அந்தப் பேனருக்குப் போய்ச் சேரும். உள் இணைப்புகளுக்கு ஈவென்ட் (தளத்துக்குள் நடக்கும் செயலின் பதிவு) வைத்து அளக்க வேண்டும், யூ.டி.எம். கூடாது.

5. குறியீடே இல்லாத இணைப்புகள். பி.டி.எஃப்., மின்னஞ்சல் கையொப்பம், வாட்ஸ்அப்பில் பகிர்ந்தவை. முதல் இரண்டைச் சரிசெய்யலாம். மூன்றாவதை முழுதாகப் பிடிக்கவே முடியாது.

எழுத்தில் ஒழுங்கும் வேண்டும். பெரிய எழுத்தில் தொடங்கும் 'ஃபேஸ்புக்'கும் சின்ன எழுத்தில் தொடங்கும் 'ஃபேஸ்புக்'கும் அறிக்கையில் இரண்டு மூலங்களாக நிற்கும். எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளிக்குப் பதில் கோடு, அனுமதித்த சொற்கள் மட்டுமே உள்ள ஒரே பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூ.டி.எம்.-இல் யாருடைய மின்னஞ்சல் முகவரியையும் எழுதவே கூடாது. அது உலாவி வரலாற்றிலும் பிறரின் பதிவேடுகளிலும் போய்த் தங்கிவிடும்.

நீண்ட விற்பனை, குறுகிய நினைவு

நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்பவர்களின் பாடு இன்னும் கடினம். ஒரு பொறியாளர் கட்டுரையைப் படிக்கிறார். அவருடைய மேலாளர் செயல்விளக்கம் கேட்கிறார். நிதிப்பிரிவு விலை பேசுகிறது. சட்டப்பிரிவு ஒப்பந்தத்தைத் திருத்துகிறது. கையெழுத்தாக ஆறு மாதம் ஆகலாம். குக்கிக்குத் தெரிவது ஓர் உலாவி மட்டும். வாங்குவதோ ஒரு நிறுவனம். இந்த இடைவெளியை விளம்பரத் தளத்தால் நிரப்ப முடியாது, வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் நிறுவனத்தின் சி.ஆர்.எம். பதிவேடுதான் நிரப்ப வேண்டும். அதற்கான வேலை வரிசை:

1. விளம்பரத்திலிருந்து ஒருவர் வந்திறங்கும்போதே ஜிகிளிட் எண்ணையும் யூ.டி.எம். மதிப்புகளையும் முதல் தரப்புக் குக்கியில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் நாலு பக்கம் தாண்டிப் போய்ப் படிவம் நிரப்பினாலும் மறையாமல் இருக்க வேண்டும்.

2. படிவத்தில் பயனர் கண்ணுக்குத் தெரியாத மறைபுலங்கள் வைத்து அந்த மதிப்புகளை லீட் பதிவுக்குள் அனுப்புங்கள்.

3. லீட் பதிவு வாடிக்கையாளர் பதிவாகவும் ஒப்பந்தப் பதிவாகவும் மாறும்போது அந்தப் புலங்களும் கூடப் போகின்றனவா என்று பாருங்கள். சி.ஆர்.எம்.-இல் புல இணைப்பைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கும். அது விட்டுப்போனால் எண் லீட் பதிவோடு தங்கிவிடும், ஒப்பந்தத்தில் வெறும் கட்டம்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்துத்தான் இந்தக் குறை வெளியே தெரியும். இழந்த விவரத்தை அப்போது மீட்க முடியாது.

4. விற்பனைக் குழு ஒரு லீடைத் தகுதியானது என்று குறித்தவுடன் அந்தச் செய்தியை, நேர மண்டலத்தோடு சேர்ந்த நேரத்துடன், கூகுள் ஆட்ஸுக்குத் திருப்பி அனுப்புங்கள்.

நான்காவதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜிகிளிட் வழியில், கிளிக் நடந்து 90 நாள் தாண்டிய கன்வர்ஷனை கூகுள் ஏற்பதில்லை. ஆறு மாத விற்பனைக்குக் கையெழுத்தாகும் நாள் வரை காத்திருந்தால் அனுப்ப வழியே இருக்காது. ஆகவே முந்தைய கட்டத்தையே, மதிப்பு போட்டு அனுப்ப வேண்டும். தகுதியான லீடுகளில் 100-க்கு 8 கையெழுத்தாகிறது, சராசரி ஒப்பந்தம் 50,000 என்றால், ஒரு தகுதியான லீடின் மதிப்பு 4,000.

இவ்வளவு பாடுபடுவது அறிக்கைக்காக மட்டும் இல்லை. இன்று விளம்பர இடத்துக்கான ஏலத்தொகையை முடிவுசெய்வது பெரும்பாலும் தளத்தின் இயந்திரம்தான். நீங்கள் எதைக் கன்வர்ஷன் என்று அனுப்புகிறீர்களோ, அதைச் செய்யக்கூடியவர்களை அது தேடிப்பிடித்துக் கொண்டுவரும். படிவம் நிரப்புவதை மட்டும் அனுப்பினால், படிவம் நிரப்புபவர்களைத்தான் கொண்டுவரும்: மாணவர்கள், வேலை தேடுபவர்கள், தானியங்கி நிரல்கள். லீட் ஒன்றுக்கான செலவு குறைந்துகொண்டே போகும், டாஷ்போர்டு பச்சையாகச் சிரிக்கும், விற்பனைக் குழு மட்டும் தொலைபேசியில் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருக்கும்.

விவரத்தை உலாவியிலிருந்து அனுப்புவதோடு சர்வரிலிருந்தும் அனுப்பும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. மெட்டாவில் அதன் பெயர் கன்வர்ஷன்ஸ் ஏ.பி.ஐ. விளம்பரத் தடுப்பான்கள் இதைத் தொடுவதில்லை. ஆனால் ஒரே விற்பனை இரண்டு வழியாகவும் போவதால், இரண்டிலும் ஈவென்ட் பெயரும் ஈவென்ட் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு விற்பனையாகப் பதிவாகும். சர்வர் வழி தொடங்கிய வாரத்தில் எண்ணிக்கை திடீரென்று இரட்டிப்பானால் மகிழாதீர்கள், ஈவென்ட் எண்ணைச் சரிபாருங்கள். மின்னஞ்சல் முகவரியை எஸ்.எச்.ஏ.-256 என்ற, திருப்பிப் படிக்க முடியாத குறியீடாக்கும் முறையில் உருமாற்றி அனுப்புவதற்கு முன் ஓர இடைவெளிகளை நீக்கிச் சின்ன எழுத்தாக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் விளைவு முற்றிலும் வேறாகிப் பொருந்தாமல் போகும். பயனர் மறுத்தவற்றைச் சர்வர் வழியாகப் பின்வாசலில் அனுப்பும் வேலை மட்டும் கூடாது. 'வேண்டாம்' என்று அவர் சொன்னது உலாவிக்கு மட்டும் சொன்னதல்ல.

இவற்றோடு படிவத்தில் 'எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?' என்ற கேள்வியையும் வைக்கலாம். தேர்வுப் பட்டியல் தராமல், அவர்களே எழுதும்படி விடுவது நல்லது. பட்டியல் தந்தால் முதலில் கண்ணில் பட்டதைத் தொட்டுவிட்டுப் போவார்கள். 'பழைய அலுவலகத்தில் பயன்படுத்தியிருக்கிறேன்', 'நண்பர் சொன்னார்' போன்ற பதில்கள் எந்த அளவீட்டு நிரலிலும் கிடைக்காதவை.

வரவு வேறு, காரணம் வேறு

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டாம் கேள்வியைச் சீராக்கும் வழிகள். எவ்வளவு சீராக்கினாலும் அது மூன்றாம் கேள்விக்கு விடையாகாது.

ஒருவர் உங்கள் நிறுவனத்தின் பெயரையே கூகுளில் தேடுகிறார். மேலே உங்கள் விளம்பரம், கீழே இயல்பான முடிவாக உங்கள் தளம். அவர் விளம்பரத்தைக் கிளிக் செய்து வாங்குகிறார். கூகுள் ஆட்ஸ் அதை வரவு வைக்கிறது. விதிப்படி சரிதான். ஆனால் விளம்பரம் இல்லாவிட்டால் அவர் இரண்டங்குலம் கீழே கிளிக் செய்திருப்பார்.

ஈபே நிறுவனம் 2012-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. தன் பெயர் உள்ள தேடல்களுக்கான விளம்பரத்தை யாஹூவிலும் மைக்ரோசாஃப்டின் தேடலிலும் நிறுத்தியது. இழந்த விளம்பரக் கிளிக்குகளில் 99.5 சதவீதம் இயல்பான தேடல் முடிவுகள் வழியாக உடனே திரும்பி வந்துவிட்டன. பிளேக், நாஸ்கோ, டாடெலிஸ் ஆகிய மூவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இது. நிறுவனத்தின் பெயர் இல்லாத பொதுத் தேடல்களில், புதியவர்களையும் எப்போதாவது வருபவர்களையும் விளம்பரம் வாங்கவைத்தது. அடிக்கடி வருபவர்களிடம் அதற்கு எந்த விளைவும் இல்லை. ஆனால் பணத்தில் பெரும்பகுதி அந்த அடிக்கடி வருபவர்கள் மேல்தான் செலவாகியிருந்தது.

இதைப் படித்தவுடன் பெயர்த் தேடல் விளம்பரத்தை எல்லோரும் நிறுத்திவிடலாம் என்று முடிவுகட்டக் கூடாது. ஈபே எல்லோருக்கும் தெரிந்த பெயர். சிறிய நிறுவனத்தின் பெயரைத் தேடுபவர் முன்னால் போட்டியாளர் விளம்பரம் வைத்திருந்தால் விளைவு வேறாக இருக்கலாம். உங்கள் விடை உங்கள் சோதனையிலிருந்துதான் வரும்.

பாதியில் விட்டுப்போனவர்களைத் துரத்தும் ரீடார்கெட்டிங் விளம்பரங்களிலும் இதே சந்தேகம் வர வேண்டும். கிட்டத்தட்ட வாங்க முடிவெடுத்துவிட்டவர்களுக்கே அவை காட்டப்படுகின்றன. அதனால்தான் அவற்றின் எண்கள் எப்போதும் அழகாக இருக்கின்றன.

சோதனை எப்படிப் போடுவது

காட்ட வேண்டியவர்களின் பட்டியலைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பங்குக்கு விளம்பரத்தைக் காட்டாமல் நிறுத்திவைப்பதே அடிப்படை. நிறுத்திவைத்த பங்குக்கு ஹோல்டவுட் என்று பெயர்.

பட்டியலில் 2,00,000 பேர். பாதிப் பேருக்கு விளம்பரம் காட்டினோம்: 1,00,000 பேரில் 1,100 பேர் வாங்கினார்கள். மறுபாதிக்குக் காட்டவில்லை: 1,00,000 பேரில் 1,000 பேர் வாங்கினார்கள். விளம்பரத்தால் கூடுதலாக வந்தவர்கள் 100 பேர். தளமோ 500 பேரைத் தன் கணக்கில் எழுதியிருக்கிறது. செலவு 5,00,000 என்றால், தளத்தின் கணக்குப்படி ஒருவருக்கு 1,000, சோதனையின்படி 5,000.

இதோடு நின்றுவிடக் கூடாது. 100 என்ற எண்ணிலும் தற்செயலின் பங்கு உண்டு. 95 சதவீத நம்பக எல்லையை, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய வரம்பைக் கணக்கிட்டால், உண்மையான கூடுதல் ஏறத்தாழ 11 முதல் 189 வரை எங்கும் இருக்கலாம். பூஜ்ஜியத்தைத் தொடவில்லை என்பதால் விளைவு இருக்கிறது என்று சொல்லலாம். அளவு எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இதே பட்டியலில் விற்பனை இழப்புக்குப் பயந்து 10 சதவீதத்தை மட்டும் நிறுத்திவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? காட்டிய 1,80,000 பேரில் 1,980, காட்டாத 20,000 பேரில் 200. விகிதங்கள் அதே 1.10, 1.00 சதவீதம்தான். ஆனால் வேறுபாட்டின் எல்லை ஏறத்தாழ மைனஸ் 0.05 முதல் பிளஸ் 0.25 சதவீதப் புள்ளி வரை விரிந்துவிடுகிறது. பூஜ்ஜியம் உள்ளே வந்துவிட்டது. விளம்பரம் வேலை செய்ததா இல்லையா என்றே சொல்ல முடியாது. சிறிய ஹோல்டவுட் பாதுகாப்பானது போலத் தோன்றும். விடையே தராத சோதனைக்குக் கொடுத்த காலமும் செலவுதான்.

ஆட்களைப் பிரிக்க முடியாதபோது ஊர்வாரியாகப் பிரிக்கலாம். முந்தைய மாதங்களில் விற்பனை ஒன்றுபோல ஏறி இறங்கிய பகுதிகளை இணைகளாக எடுத்து, ஒன்றில் நிறுத்தி மற்றதில் தொடர வேண்டும். சோதனைகள் கெடுவது பெரும்பாலும் இந்த இடங்களில்: நடுவில் விலையையோ பக்கத்தையோ மாற்றுவது, விற்பனைச் சுற்றைவிடக் குறைந்த காலத்தில் முடித்துக்கொள்வது, தினமும் எட்டிப்பார்த்து, பிடித்த எண் வந்த நாளில் நிறுத்துவது. மூன்றாவது மிகவும் ஆபத்து. நாள்தோறும் பார்த்தால் தற்செயலாகவே ஒருநாள் சாதகமான எண் வருவதற்கான வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். முடியும் தேதியைத் தொடங்கும் முன்பே எழுதிவைத்துவிட வேண்டும்.

கிடைத்த விடையைக் கணக்கில் ஏற்றுவது

மேலே சொன்ன சோதனையில் தளம் சொன்னது 500, கூடுதலாக வந்தது 100. விகிதம் 0.2. அடுத்த மாதங்களில் அந்தக் கேம்பெயின் காட்டும் எண்ணை 0.2-ஆல் பெருக்கி, அருகிலேயே நம்பக எல்லையையும் எழுதி, நிதிப்பிரிவுக்குக் கொடுக்கலாம். அறிக்கையில் மூன்று பத்திகள் போதும்: பில்லிங்கில் உள்ள எண், தளம் கோரும் எண், சோதனையால் திருத்திய எண். 100-க்கு எதிரே 131 என்று வரும்போது விளக்கம் கேட்பவர்களுக்கு இந்த மூன்று பத்திகளே பதில் சொல்லும்.

0.2 என்பது அந்தக் கேம்பெயினுக்கு, அந்தப் பட்டியலுக்கு, அந்த அளவு செலவுக்குக் கிடைத்த எண். ரீடார்கெட்டிங்கில் வந்ததைப் புதியவர்களைத் தேடும் விளம்பரத்துக்குப் பொருத்தக் கூடாது. பட்ஜெட்டை இரட்டிப்பாக்கினால் முதலில் எளிதாகக் கிடைத்தவர்கள் தீர்ந்துபோய், அடுத்துக் கிடைப்பவர்களுக்குச் செலவு கூடும். பழைய விகிதம் பொருந்தாது. வரவுக் காலத்தையோ கன்வர்ஷன் வரையறையையோ தளம் மாற்றினாலும் அப்படித்தான். அப்போது ஹோல்டவுட்டை மறுபடி போட்டு, புதிய விகிதம் வரும்வரை மூன்றாம் பத்தியைக் காலியாக விட்டு வைக்க வேண்டும்.